ஒரே ஒரு ரைபிள் வாங்கறதுன்னா எதை வாங்கறது? அடிக்கடி என்கிட்ட கேக்கற கேள்விங்க

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காட்டு பார்டர், வீட்டுல இருந்து தமிழ்நாடு கூப்பிடு தூரந்தான். தென்னந்தோப்பு, கொஞ்சம் கடலைக்காடு. தாத்தா வச்சிருந்த 12 போர் ரெட்டைக்குழல் (ரவை சுடற ஷாட்கன்) இப்ப என் பேர்ல இருக்கு, பஞ்சாயத்து லிஸ்ட்ல பன்னி சுடற ஆளாவும் இருக்கேன். சித்தப்பா பையன் மெல்போர்ன்ல இருக்கான், அக்கா பையன் அமெரிக்கால கொலராடோவுல, ரெண்டு பேருக்கும் அங்க லைசென்ஸோட வேட்டைக்கு போற பழக்கம். நானும் ரெண்டு தடவ மெல்போர்ன் போயி ரேஞ்ச்ல சுட்டுட்டு, அவன்கூட மலையேறி வெறுங்கையோட எறங்கியும் வந்திருக்கேன். இதனால என்னாச்சுன்னா கல்யாணம், காதுகுத்து எதுக்கு சேந்தாலும் துப்பாக்கி கேள்வியெல்லாம் நம்ம தலையிலதான் வந்து விழுது, சரி ஒரு தடவ எழுதி வச்சிட்டா லிங்க் அனுப்பிடலாம்னுதான் இது.

கேள்வி: மொதல்ல, நம்ம ஊர்ல வேட்டைக்கு போலாமுங்களா?

முடியாதுங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டமும் அதோட 1991 திருத்தமும் வந்ததுக்கு அப்புறம் நம்ம நாட்டுல வேட்டைன்னு ஒண்ணு கிடையாது. மான், முயல், காட்டுக்கோழி எதைத் தொட்டாலும் கேஸ். கேரளாவுல 2022 மே மாசத்துல இருந்து பஞ்சாயத்து தலைவருக்கும் செக்ரட்டரிக்கும் ஒரு அதிகாரம் குடுத்திருக்காங்க, வெள்ளாமைய அழிக்கற காட்டுப்பன்னிய லைசென்ஸ் இருக்கற ஆளை வச்சு சுடச் சொல்லி அவங்க ஆர்டர் போடலாம். அது வேட்டை இல்லீங்க, பயிர் காக்கற வேலை. அதனால கீழ நான் ரைபிள், கேலிபர் (குண்டோட விட்டம், .30-ன்னா சுமார் 0.30 இன்ச்)னு பேசறது முக்காவாசி வெளிநாட்டுல சட்டப்படி வேட்டைக்கு போற நம்ம பசங்களுக்கு, பன்னி சமாச்சாரம் மட்டும் நம்மூர்க்காரங்களுக்கு. குழப்பிக்காதீங்க.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க மாமா, ஒரே ரைபிள்னா எது?

.30-06. தர்ட்டி ஆட் சிக்ஸ்னு சொல்லுவாங்க. சுடறப்ப தோள்ல விழற உதை தாங்கலைன்னா .308. இதுக்கு மேல படிக்க நேரமில்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம்.

கேள்வி: அதென்ன அதுக்கு மட்டும் அவ்வளவு மவுசு? 1906-ல வந்த தோட்டா தானே?

பழசுங்கறதாலதான் நல்லது. எங்க வேட்டை நடக்குதோ அங்க ஒரு சின்ன ஊர்க்கடையிலகூட அந்த டப்பா இருக்கும். நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான், மொதல்ல தோட்டா கிடைக்கணும், அடுத்தது தோள் தாங்கணும், மூணாவதாத்தான் மிருகம் என்னன்னு பாக்கணும். எல்லாரும் இதை தலைகீழா யோசிக்கறாங்க. மிருகத்துல ஆரம்பிச்சு, யூட்யூப் பாத்து, புதுசா வந்த ஏதோ ஒரு கேலிபர் வாங்கி, ரெண்டு வருஷத்துல தோட்டாவுக்கு அலைவாங்க.

.30-06-ல இன்னொரு சௌகரியம் குண்டோட எடை. 150 கிரெயின்ல இருந்து 220 கிரெயின் வரைக்கும் கடையில ரெடிமேடா வரும். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம், அப்ப 150-ங்கறது பத்து கிராமுக்கு கொஞ்சம் கம்மி, 220 பதினாலு கிராம் சொச்சம். புள்ளிமான் சைஸுக்கு லேசான குண்டு, முந்நூறு கிலோ எல்க் (அமெரிக்காவோட பெரிய மான்) மாதிரி பெரிய உருப்படிக்கு கனமான குண்டு, துப்பாக்கி மாத்த வேண்டியதில்ல, டப்பாவ மாத்தினா போதும். 180 கிரெயின் குண்டு பேரல விட்டு செகண்டுக்கு 820 மீட்டர் சுமாருக்கு கிளம்பும், அடியோட பலம் கிட்டத்தட்ட 3,900 ஜூல். மான் வகையில இது பத்தாத மிருகம் ரொம்ப கம்மி.

கேள்வி: அப்ப .308-க்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

குண்டு ரெண்டுலயும் ஒரே விட்டம், பித்தளைக்கூடுதான் வேற. .30-06 கூடு 63 மில்லிமீட்டர் நீளம், 1952-ல வந்த .308-க்கு 51. கூடு குட்டையானதால போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளற தண்டு) குட்டை, ரைபிள் கொஞ்சம் கச்சிதம், உதை கொஞ்சம் கம்மி. 150 கிரெயின்ல ரெண்டையும் பக்கத்துல வச்சா சுடற ஆளுக்கு பெருசா தெரியாது, மானுக்கு சுத்தமா தெரியாது. 180-க்கு மேல போனாத்தான் பெரிய அண்ணன் பெரிய அண்ணன்னு தெரியும். சித்தப்பா பையன் .308 தான் வாங்கினான், அவன் போற மலை அப்படி, ஏறவே மூச்சு வாங்கும், கால் கிலோ கொறஞ்சாலும் லாபம்.

கேள்வி: எந்த நாட்டுல எந்த கேலிபருக்கு சட்டம் ஒத்துக்கும்?

இதை பாக்காம வாங்கறவங்கதான் ஜாஸ்தி. சித்தப்பா பையன் வாங்கின சமயத்துல ஆஸ்திரேலியா விக்டோரியால கடமானுக்கு கொறஞ்சது .270 கேலிபர், 130 கிரெயின் குண்டு இருக்கணும்னு ரூல். புள்ளிமானுக்கு .243, 80 கிரெயின். ஆமாங்க, நம்ம கடமானும் புள்ளிமானுந்தான், வெள்ளக்காரன் 19-ஆம் நூற்றாண்டுல கப்பல்ல கொண்டுபோயி விட்டது அங்க பெருகிப் போச்சு. பறம்பிக்குளத்துல நாம ஜீப்ப நிறுத்தி போட்டோ எடுக்கற மிருகத்த அவன் அங்க பர்மிட் வாங்கி சுடறான், கேட்டதும் எங்கம்மாவுக்கு மனசே ஆறல. நியூசிலாந்துல இன்னும் வேடிக்கை, 1904-ல கொண்டுபோயி விட்ட இமயமலை தார், நம்ம இரவிகுளத்து வரையாட்டுக்கு தூரத்து சொந்தம், அங்க அதோட எண்ணிக்கைய கொறைக்க கவர்மென்டே சுடுது.

அமெரிக்கா கொலராடோவுல மானுக்கு .24 கேலிபர், 70 கிரெயின், எல்க்குக்கு 85 கிரெயின், அதோட நூறு கெஜத்துல ஆயிரம் அடி-பவுண்டு (சுமார் 1,350 ஜூல்) பலம் மிச்சம் இருக்கணும். ரைபிள் சீசன்ல கண்ணு கூசற ஆரஞ்சோ பிங்க்கோ போட்டுக்கணும், அக்கா பையன் அந்த பிங்க் தொப்பிய இங்க கொண்டுவந்து தோப்புல தேங்கா போடறப்ப மாட்டிக்கிட்டு திரியறான். நமீபியால கணக்கு ஜூல்ல: ஸ்பிரிங்பக் மாதிரி சின்ன மான் வகைக்கு 1,350, குடு, ஓரிக்ஸ் மாதிரி பெரிய மான் வகைக்கு 2,700, காட்டெருமைக்கு 5,400. இதை மேல சொன்ன 3,900-கூட வச்சு பாருங்க, .30-06 எதுவரைக்கும் போகும், எங்க நின்னுரும்னு புரியும். ரூலெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, போற வருஷத்து புத்தகத்த ஒரு தடவ பாத்துக்கோங்க.

கேள்வி: அப்ப ஆப்பிரிக்கா காட்டெருமைக்கும் சேத்து ஒரே துப்பாக்கின்னா?

.375 எச் அண்ட் எச் மேக்னம். 1912-ல வந்தது. 300 கிரெயின் குண்டு, 5,700 ஜூலுக்கு மேல, அதனாலதான் ஆப்பிரிக்காவுல நெறைய நாட்டுல ஆபத்தான மிருகத்துக்கு இதுதான் கீழ்வரம்பு மாதிரி ஆயிடுச்சு. உலகத்துல எல்லா மிருகத்துக்கும் ஒரே ரைபிள்னு கேட்டா நியாயமா இதைத்தான் சொல்லணும். ஆனா வாழ்க்கையில ஒரு தடவ காட்டெருமைக்கு போறதுக்காக மிச்ச முப்பது வருஷமும் மானுக்கு இந்த உதைய வாங்கிக்கணுமா? .30-06 மாதிரி ரெண்டு மடங்கு உதைக்கும், தோட்டாவும் வெலை. அந்த ஒரு ட்ரிப்புக்கு அங்கயே வாடகைக்கு தருவாங்க, எடுத்துக்கோங்க.

கேள்வி: 6.5 க்ரீட்மூர், .270, .243 இதெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?

ஒண்ணும் பண்ணல. .270 (1925) வச்சிருக்கறவன் .30-06 வாங்கவே வேண்டாம், தட்டையா போகும், மானுக்கு அருமை, கனமான குண்டு மட்டும் கொஞ்சம் கொறச்சல். 6.5 க்ரீட்மூர் 2007-ல வந்தது, உதை கம்மி, ரேஞ்ச்ல துல்லியம், இப்ப எல்லா கடையிலயும் கிடைக்குது, அதனால நான் முன்ன மாதிரி அதை கிண்டல் பண்றதில்ல. ஆனா மேல சொன்ன விக்டோரியா ரூல்படி அது .270-ஐ விட மெலிசு, கடமானுக்கு ஆகாதுன்னுதான் நம்மாளு அதை விட்டான். .243 பசங்களுக்கும் உதைக்கு பயப்படறவங்களுக்கும் நல்லது, .30-06-ல பாதி உதைதான், 100 கிரெயின் குண்டுல 2,600 ஜூல் சுமாருக்கு நிக்கும். நமீபியா குடு கணக்குல நூறு ஜூல் கம்மியா போச்சு பாருங்க. ஒரே துப்பாக்கின்னு வர்றப்ப இந்த மாதிரி ஓரத்துல நிக்கற கேலிபர் வேண்டாம்ங்கறது என் கட்சி.

கேள்வி: ஜிம் கார்பெட் சின்ன ரைபிள்லயே புலி சுட்டாராமே?

சுட்டாருங்க. ஆளத் தின்ன சம்பாவத் புலிய கொன்னதுக்கு 1907-ல அவருக்கு பரிசா குடுத்தது .275 ரிக்பி, அது 7×57 மவுசருக்கு வெள்ளக்காரன் வச்ச பேரு, அவ்வளவுதான். அதே தோட்டாவுல பெல்னு ஒருத்தர் ஆப்பிரிக்காவுல நூத்துக்கணக்குல யானைய சாய்ச்சாரு. இந்தப்பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஆந்திரா சித்தூர் காடெல்லாம் சுத்துன வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் வச்சிருந்தது .405 வின்செஸ்டர், குட்டையான தூரத்துக்கு முரட்டு அடி. ஆந்திரா பார்டர்ல குப்பம் பக்கம் எங்களுக்கு சம்பந்தி வீடு இருக்கு, அந்த ஊட்டு பெரியவர் இந்த ரெண்டுல எது பெருசுன்னு ராத்திரி பூரா பேசுவாரு. ஒருத்தர் சின்னது, ஒருத்தர் பெருசு, ரெண்டு பேருக்கும் வேலை ஆச்சு, ஏன்னா எங்க அடிக்கணும்னு தெரிஞ்ச கை. மத்தவங்களுக்கு சட்டம் சொல்ற கீழ்வரம்புதான் பாதுகாப்பு.

கேள்வி: குண்டு எது வாங்கறது? கடையில அம்பது வகை இருக்கு.

கேலிபர் பத்தி ராத்திரி பூரா சண்டை போடறவங்க குண்டு பத்தி ரெண்டு நிமிஷம் பேசறதில்ல, நிஜத்துல மிருகத்த தொடறது குண்டு ஒண்ணுதான். மூக்குல ஈயம் தெரியற சாஃப்ட் பாயின்ட் சாதா மானுக்கு போதும். ஒடம்புல பட்டதும் மூக்கு காளான் மாதிரி விரியும், ஆனா ஒடையாம உள்ள போகணும், அதுக்குத்தான் பெரிய மிருகத்துக்கு ஈயத்தையும் செம்பையும் ஒட்டவச்ச பாண்டட் குண்டோ முழு செம்பு குண்டோ. கலிஃபோர்னியால 2019 ஜூலைல இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்க இருக்கறவங்களுக்கு செம்புதான் வழி. மிலிட்டரி டைப் முழு உறை குண்டு மலிவா கிடைக்குதேன்னு வேட்டைக்கு எடுத்துட்டு போகாதீங்க, விரியாம ஊசி மாதிரி துளைச்சுட்டு போயிரும், அடிபட்ட மிருகம் ஓடி எங்கயோ ரெண்டு நாள் கஷ்டப்பட்டு சாகும். அதைவிட பாவம் வேற இல்ல.

கேள்வி: உதை உதைன்னு சொல்றீங்களே, ஆம்பளைக்கு என்ன உதை?

இந்த கேள்விய கேட்ட மச்சான் பேர சொல்ல மாட்டேன். மெல்போர்ன் ரேஞ்ச்ல யாரோ ஒருத்தரோட .300 மேக்னத்த (.30-06-ஐ விட பலமான தோட்டா போடறது) வாங்கி நாலு ரவுண்டு போட்டேன், மொதல் ரவுண்டு நடுவுல, ரெண்டாவது பேப்பர் ஓரத்துல, மூணாவதுல நான் ட்ரிகர அமுக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டேன்னு பக்கத்துல இருந்தவன் சொல்றான், நாலாவது எங்க போச்சுன்னே தெரியல. அதான் உதை பண்ற வேலை, தோள் வலிக்கறது இல்லீங்க விஷயம், அடுத்த குண்டுக்கு ஒடம்பு முன்கூட்டியே பயந்து சுருங்கும். ஒரு தடவ அந்த பழக்கம் ஒட்டுச்சுன்னா உதையே தெரியாத சின்ன .22-ல மாசக்கணக்கா சுட்டாத்தான் போகும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன்கிட்டயோ ரேஞ்ச்லயோ இருபது ரவுண்டு போட்டுப் பாருங்க, இருபதாவதும் மொதல் மாதிரி விழுந்தா அது உங்க துப்பாக்கி. ஸ்கோப்போட சேத்து மூணரை கிலோவுக்கு கம்மியா வாங்காதீங்க, லேசான துப்பாக்கி கையில சொகம், தோள்ல நரகம். கட்டைக்கு பின்னாடி நல்ல ரப்பர் பேட் இருக்கான்னும் பாருங்க.

கேள்வி: முயல், பறவைக்கும் அதே ரைபிள் ஆகுமா?

ஆகாது. முயல்ல ரோமந்தான் மிஞ்சும். அதுக்கு .22-ஓ, ஷாட்கன்னோ. “எல்லாத்துக்கும் ஒண்ணு”ங்கறது மான்ல இருந்து மேல மட்டும்.

கேள்வி: ஸ்கோப், ஜீரோ இதெல்லாம்?

3-9×40 ஸ்கோப் (மூணுல இருந்து ஒம்போது மடங்கு பெருசா காட்டும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர்) போதும், ரைபிள் வாங்கற காசுல மிச்சம் புடிச்சாவது நல்ல கண்ணாடியா வாங்குங்க. .30-06-ஐ 180 கிரெயின்ல 200 கெஜத்துக்கு ஜீரோ பண்ணி வச்சா (அந்த தூரத்துல குறி பாத்த எடத்துலயே குண்டு விழற மாதிரி), நூறுல ரெண்டு இன்ச் மேல, முந்நூறுல ஒரு சாண் கீழ. இருநூறு சொச்சத்துக்குள்ள மான் நெஞ்சுக்கு நேரா புடிச்சா போதும், கணக்கு போட வேண்டியதில்ல, முந்நூறுல அந்த ஒரு சாணை சேத்து மேல புடிக்கணும். முந்நூறுக்கு மேல சுடாதீங்க, கிட்ட நடந்து போங்க. அதான் வேட்டை.

கேள்வி: சரி, நம்மூர் பன்னிக்கு எந்த துப்பாக்கி?

இங்கதான் மேல சொன்னதெல்லாம் தலைகீழா மாறும். கைக்கு கிடைக்கற ரைபிள்னா இச்சாபூர் ஃபேக்டரி .315, போல்ட் இழுக்கறது, அஞ்சு ரவுண்டு மேகசின். .303, 7.62 மாதிரி சர்வீஸ் தோட்டா போடற ரைபிள் சாதாரண ஆளுக்கு தடை. வெளிநாட்டு துப்பாக்கி தனியார் இறக்குமதி 1980கள்லயே நின்னுபோச்சு, அதனால யார் வீட்டுலயாவது பழைய .30-06 இருந்தா அதுக்கு லட்சக்கணக்குல வெலை சொல்லுவாங்க. .315 நல்ல அடிதான், எட்டு எம்எம் கனமான குண்டு, எந்த பன்னியும் நிக்காது.

ஆனா நம்ம ஊர நெனச்சுப் பாருங்க. தோப்புக்கு அந்தப்பக்கம் வீடு, வீட்டுக்கு அந்தப்பக்கம் ரோடு, ரோட்டுல பால் வண்டி. ரைபிள் குண்டு தவறுனா ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்ல நிக்காது, அதுக்கும் மேல போகும், தண்ணிப்பைப்புலயோ கல்லுலயோ பட்டா எங்க திரும்பும்னு சொல்ல முடியாது. பன்னி வர்றது ராத்திரி, டார்ச் வெளிச்சத்துல, இருபது முப்பது மீட்டர் தூரம். இந்த தூரத்துக்கு 12 போர்தான் சரி, கிர்க்கி ஃபேக்டரி எல்ஜி தோட்டா, விரல்விட்டு எண்ற பெரிய ரவை, தூரம் போனா வேகம் செத்துடும். நாப்பது மீட்டர் தாண்டுனா நான் சுடறதே இல்ல, ரவை பிரிஞ்சு ஒண்ணு ரெண்டுதான் படும், பன்னி காயத்தோட போயி விடிகாலைல கடலை பறிக்க வர்ற பொம்பளைங்க மேல பாயும். முன்னங்கால் முட்டிக்கு நேர் மேல, ஒடம்புல கீழ்ப்பக்கமா குறி, பன்னிக்கு நெஞ்சு ரொம்ப தாழ்வு. கெழட்டு ஆண் பன்னிக்கு தோள்ல கெட்டியா ஒரு தட்டு மாதிரி இருக்கும், அதுல நேரா அடிக்காதீங்க. பின்னாடி மண்மேடோ வரப்போ இல்லைன்னா விரல் ட்ரிகருக்கே போகக்கூடாது. வெஷம், கரண்டு கம்பி, வெடி எதுக்கும் அனுமதி இல்ல, யாரும் யோசனை குடுத்தா கேக்காதீங்க.

2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். ரெண்டும் வச்சுக்கற வசதி இருந்தா ஒரு 12 போர், ஒரு .315. ஒண்ணுதான்னா 12 போர். யோசிக்காதீங்க.

கேள்வி: பார்டர்ல இருக்கறதால ஏதாவது தொந்தரவு?

ஏகப்பட்டது. லைசென்ஸ்ல ஏரியான்னு ஒரு காலம் இருக்கும், அதுல மாநிலத்துக்கு மட்டும்னு போட்டிருந்தா துப்பாக்கியோட கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுனாலே குத்தம். எனக்கு கோயமுத்தூர் பக்கம், கடை தெரியும், ஆளு தெரியும், ஆனா என் லைசென்ஸ் கேரளாவுக்கு மட்டும், தோட்டாவுக்கு எதிர்ப்பக்கமா பஸ் ஏறி போகணும். மேல சொன்னேன்ல, தோட்டா கிடைக்கற துப்பாக்கிய வாங்குன்னு, அது கொலராடோவுக்கு மட்டும் இல்லீங்க. புதுப்பிக்கறப்பவே ஆல் இந்தியா வேலிடிட்டிக்கு எழுதிக் குடுத்துடுங்க.

பன்னிக்கு பார்டர் தெரியாது. இங்க தின்னுட்டு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு சோளக்காட்டுல படுத்துக்கும். நம்ம பஞ்சாயத்து ஆர்டர் வரப்பு தாண்டுனா செல்லாது. அந்தப்பக்கம் 2025-ல வந்த ஏற்பாடு வேற, காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு வெளிய வர்ற பன்னிய ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் ஆளுங்கதான் சுடலாம், நம்மள மாதிரி விவசாயி இல்ல. என் பங்காளி காடு வரப்புக்கு அந்தப்பக்கம் இருக்கு, பன்னிய கண்ணுல பாத்துட்டே நிப்பான், நான் இந்தப்பக்கம் துப்பாக்கியோட நிப்பேன். எலெக்ஷன் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல கொண்டுபோயி வைக்கச் சொல்லுவாங்க, ஒரு தடவ அப்படி வச்சிருந்த சமயத்துலதான் ரெண்டு ஏக்கர் கடலை போச்சு, ஒரே ராத்திரில இல்ல, ஒரு வாரமா தெனமும் வந்து நிதானமா தின்னுட்டு போச்சுங்க.

கேள்வி: சுட்ட பன்னிக்கறி கொஞ்சம் கெடைக்குமா மாமா?

கெடைக்காது. சுட்டா அது கவர்மென்ட் சொத்து, ஆளுங்க முன்னாடி குழி தோண்டி பொதைக்கணும், மேல மண்ணெண்ணெய் ஊத்துவாங்க. கறி கேட்டு இனிமே போன் பண்ணாதீங்க, வேணும்னா வீட்டுக்கு வாங்க, நாட்டுக்கோழி அடிச்சு குழம்பு வைக்கச் சொல்றேன்.